இரண்டு வருடக் கல்லூரியும் ஒரு தாயின் கேள்விகளும்

 

அமெரிக்காவிலே ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீடு. மாலை நேரம். முன் ஹோலில் நன்றாக உடுத்த ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் சம்பந்தம் பேச வந்தவரல்ல. காப்புறுதி விற்க வந்தவருமல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர். அந்த வீட்டின் பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தமது அணிக்குக் கேட்டு வந்திருக்கிறார். பிள்ளையின் உயரம், ஓட்டம், பந்து எறியும் திறமை எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் பேச்செல்லாம் தாயுடன்தான். பிள்ளையைத் தம் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். படிப்புக்குத் தாம் பொறுப்பு என்கிறார். தாயின் கண் கலங்கிவிடுகிறது. அந்நாட்டில் வருடந்தோறும் எத்தனையோ வீடுகளில் நடக்கும் காட்சி இது.

இந்த இடத்தில் அந்தத் தாய் என்ன கேட்க வேண்டும்? அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பந்து விளையாட்டில் மௌலவிக்கு என்ன வேலை என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள். நாலு காசு கடன் கொடுத்தாலும் எழுதிவைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். இங்கே கைமாறுவது ஒரு பிள்ளையின் ஐந்து வருட வாழ்வு. அதில் எது எழுதப்படுகிறது, எது வாய்ப்பேச்சோடு போகிறது என்பதை உம்மாமார் அறிந்திருப்பது நல்லதென்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். நமது பெண் பிள்ளைகள் பாடசாலையில் ஆடும் வலைப்பந்து வேறு, இந்தக் கூடைப்பந்து வேறு. இதில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். 1891 இல் மஸசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஓர் ஆசிரியர் உருவாக்கிய விளையாட்டு இது. அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகளின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் பார்க்கின்றனர். ஆகவே நல்ல பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது பயிற்றுவிப்பாளருக்குப் பிழைப்பு. பிள்ளைக்குக் கிடைப்பது புலமைப்பரிசில்: படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. 2021 ஜூலை முதல் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறவும் பிள்ளைகளுக்கு அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த ஓர் இணக்கப்பாட்டின் பின்னர் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாயின. முதல் வருடத்தில் ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சுமார் 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை கொடுக்கலாம் என்று எல்லை வகுக்கப்பட்டது. பணம் பெருகப் பெருக முன் ஹோல் பேச்சும் இனிக்கத்தானே செய்யும்!

ஆனால் வாசலில் ஒரு காவற்காரர் நிற்கிறார். என்.சி.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே அது. பெரிய பல்கலைக்கழக அணியில் முதல் வருடமே ஆட வேண்டுமானால், பிள்ளை உயர்நிலைப் பாடசாலையில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் முதலான 16 அடிப்படைப் பாடநெறிகளை முடித்து, நான்குக்கு 2.3 என்ற சராசரியாவது பெற்றிருக்க வேண்டும். 1986 இல் இவ்விதி முதன்முதல் நடைமுறைக்கு வந்தபோது 11 பாடநெறிகளும் 2.0 சராசரியும், அதோடு எஸ்.ஏ.ரி. என்ற பொதுப் பரீட்சையில் 700 புள்ளியும் கேட்டார்கள். ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் அந்தப் பரீட்சை வாசலிலேயே தடுத்துவிடுகிறது என்ற எதிர்ப்பு நெடுங்காலம் இருந்தது. விதியை மேலும் இறுக்க முயன்றபோது, 1989 ஜனவரியில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர் ஜோன் தொம்சன் ஆட்டம் தொடங்கும் வேளையில் மைதானத்தை விட்டு வெளியேறித் தமது மறுப்பைக் காட்டினார். 2023 இல்தான் அப்பரீட்சை நிபந்தனை முற்றாக நீக்கப்பட்டது.

இத்தகைய விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். கெவின் ரொஸ் என்பது அவரது பெயர். கன்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். 6 அடி 9 அங்குல உயரம். 1978 இல் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்தாட்டத்துக்காகச் சேர்த்துக்கொண்டது. அனுமதிப் பரீட்சையில் 36 க்கு அவர் எடுத்தது 9. அங்கு படித்த மற்றைய மாணவர்களின் சராசரி 23 க்கு மேல். நான்கு வருடம் ஆடினார். குறிபார்த்துச் சுடுதல், கூடைப்பந்தாட்டக் கோட்பாடு என்றெல்லாம் பாடங்கள் எடுக்க வைத்தார்கள். பட்டத்துக்குத் தேவையான பாட அலகுகள் 128. 1982 இல் வெளியேறியபோது அவரிடம் இருந்தவை 96. வாசிப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நிலை. மொழியறிவில் நாலாம் வகுப்பு நிலை. இவை நீதிமன்றப் பதிவில் உள்ளவை. அதன்பின் அந்த ஆறடி ஒன்பது அங்குல மனிதர் சிக்காகோவில் ஒரு பாடசாலைக்குப் போய், சின்னஞ்சிறு பிள்ளைகளோடு ஒரு வருடம் உட்கார்ந்து படித்தார். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வெட்கப்பட வேண்டியவர் அவரா?

சரி, விதியின் அளவுகோலுக்கு எட்டாத பிள்ளை என்ன செய்வது? அங்கேதான் கனிஷ்ட கல்லூரி என்ற இரண்டு வருடக் கல்லூரி வருகிறது. நம் நாட்டில் உயர்தரத்தை இரண்டாம் முறை எழுதி முயலும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த மாதிரியான இரண்டாம் வாசல். இத்தகைய கல்லூரிகளில் முதலாவது 1901 இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. இவற்றின் விளையாட்டுச் சங்கம் 1938 இல் உருவானது. ஆண்களுக்கான அச்சங்கத்தின் தேசியப் போட்டி 1949 இல் கன்ஸாஸின் ஹச்சின்சன் என்ற ஊருக்கு வந்து அங்கேயே வேரூன்றிவிட்டது. கோதுமை வயல் சூழ்ந்த அவ்வூருக்குப் பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்கள் குறிப்பேட்டோடு போய் இறங்குவார்கள்.

எல்லாக் கனிஷ்ட கல்லூரியும் ஒன்றல்ல. முதலாம் பிரிவுக் கல்லூரிகள் தங்குமிடம், சாப்பாடு உட்பட முழு உதவி தரலாம். இரண்டாம் பிரிவில் கட்டணமும் புத்தகமும் மட்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் இல்லை. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளிலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடையாது. ஆகவே "புலமைப்பரிசில்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பெற்றார் மகிழ்ந்துவிடக் கூடாது. எந்தப் பிரிவு, எவ்வளவு, எத்தனை வருடம் என்று கேட்க வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்கு; பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலையிலேயே தகுதி பெற்றுவிட்டு, வேறு காரணத்துக்காகக் கனிஷ்ட கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு வழி இலகு. ஒரு தவணைக்குச் சராசரியாக 12 அலகு வீதம் முடித்து, 2.5 சராசரியும் வைத்திருந்தால் இடையிலேயே மாறிப்போகலாம். தகுதி பெறாமல் போன பிள்ளைக்கு 2025 இல் இருந்த நிபந்தனைகள் வேறு. குறைந்தது மூன்று தவணை முழுநேரமாகப் படிக்க வேண்டும். அக்கல்லூரியின் சான்றிதழைப் பெற்று முடிக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளக்கூடிய 48 அலகு கையிலிருக்க வேண்டும். அதில் ஆங்கிலம் 6, கணிதம் 3, விஞ்ஞானம் 3 கட்டாயம். சராசரி 2.5. முன்னர் இது 2.0 ஆக இருந்து உயர்த்தப்பட்டது.

இவ்வளவும் செய்தாலும் இன்னொரு படி இருக்கிறது. அதில்தான் பலர் தடுக்கி விழுகின்றனர். மூன்றாம் வருட மாணவராக ஆட்டத்தில் இறங்குபவர், தாம் தெரிவு செய்த பட்டத்தின் 40 வீதத்தை முடித்திருக்க வேண்டும். சாதாரணப் பட்டம் 120 அலகு. 40 வீதம் என்றால் 48. ஒரு பிள்ளை கனிஷ்ட கல்லூரியில் 60 அலகு படித்து முடித்தான் என்று வையுங்கள். அதில் 12 ஐப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. மிச்சம் 48, முதல் நிபந்தனைக்குச் சரி. ஆனால் அவன் படிக்க விரும்புவது வணிகம். அந்த 48 இல் 9 அலகு வணிகப் பட்டத்தில் எங்கும் சேராத பாடங்கள். கணக்கில் நிற்பது 39. பிள்ளை படித்தான், சித்தியடைந்தான், சான்றிதழும் பெற்றான். ஆட மட்டும் முடியாது! கோடை விடுமுறையில் அவசர அவசரமாக மூன்று பாடம் எடுத்து ஓடித் திரிய வேண்டும். கெவின் ரொஸ்ஸின் சுடுதல் பாடத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒரு பாடத்தைப் படிப்பது வேறு, அது பட்டத்தில் எண்ணப்படுவது வேறு.

அதற்கிடையில் காலம் காத்திருக்காது. எந்தக் கல்லூரியிலாவது முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடம்; அதற்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பதே நெடுநாள் விதி. கனிஷ்ட கல்லூரியில் கழித்த இரண்டு வருடமும் அதில் அடக்கம். பாடம் குறைந்து ஒரு வருடம் உட்கார்ந்தால் அந்த வருடம் போனதுதான்.

இந்த வாசலால் நுழைந்து உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பெண்களில் நான் சொல்ல விரும்புவது ஷெரில் ஸ்வூப்ஸ். டெக்ஸாஸ் மாநிலத்தின் பிரவுன்ஃபீல்ட் என்ற சிற்றூரில் 1971 இல் பிறந்தார். தாய் தனியாக நின்று வளர்த்த பிள்ளை. ஒஸ்டின் நகரின் பெரிய பல்கலைக்கழகம் அவரைத் தேடிவந்து சேர்த்துக்கொண்டது. வீட்டிலிருந்து சுமார் 400 மைல். போன பிள்ளைக்கு உம்மாவின் நினைவு தாங்க முடியவில்லை. ஓர் ஆட்டம்கூட ஆடாமல், சில நாட்களிலேயே திரும்பி வந்துவிட்டார். ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊர் எங்கும் ஊர்தான். அவர் லெவலண்டில் உள்ள சவுத் பிளெயின்ஸ் கனிஷ்ட கல்லூரியில், வீட்டுக்குக் கிட்டவே, இரண்டு வருடம் படித்தார், ஆடினார். பின்னர் அதே பகுதியிலுள்ள டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1993 இல் ஒஹாயோ அணிக்கு எதிரான தேசிய இறுதியாட்டத்தில் தனியொருவராக 47 புள்ளி எடுத்தார். அவரது அணி 84 க்கு 82 என்று வென்றது. 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். தூரம் ஒத்துக்கொள்ளாத ஒரு பெண் பிள்ளைக்கு அந்தச் சிறிய கல்லூரி இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? வீட்டை நினைத்து அழும் பிள்ளையைக் கோழை என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படும் வாப்பாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆண்களில் ஜிமி பட்லர். 13 வயதிலேயே இருக்க வீடில்லாமல் போன பிள்ளை. பின்னர் ஒரு நண்பனின் தாய் தம் பிள்ளைகளோடு பிள்ளையாக அவரை ஏற்றுக்கொண்டார். டைலர் கனிஷ்ட கல்லூரியில் ஒரு வருடம் ஆடிய பின் 2008 இல் பல பல்கலைக்கழகங்கள் அழைத்தன. வளர்த்த தாய் பார்த்தது மார்க்கெட் பல்கலைக்கழகத்தின் படிப்பை. பந்து கைவிட்டாலும் பட்டம் இருக்கட்டும் என்பது அவரது யோசனை. பிள்ளை கேட்டார். ஒரு வருடமே கழிந்திருந்ததால் மூன்று பருவம் மிச்சமிருந்தது. 2011 இல் சிக்காகோ அணி அவரைத் தெரிவு செய்தது. பெற்ற தாயல்லாத ஒரு தாய் அப்படி யோசித்திருக்கிறார்!

அண்மைக் காலத்தில் இந்த இரண்டாம் வாசல் ஒடுங்கி வருகிறது. முன்னர் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கூடைப்பந்தாட்ட வீரர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2018 இல் மாற விரும்புவோரின் பெயரைப் பதியும் பட்டியல் ஒன்று வந்தது. 2021 இல் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024 இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. கொரோனாக் காலத்து 2020–21 பருவம் எவருக்கும் கணக்கிடப்படாததால் வயது கூடியவர்களும் மேலும் ஒரு வருடம் தங்கினர். ஆகவே பயிற்றுவிப்பாளர், பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஆடிய 22 வயதுக்காரனைத் தேடுகிறார். பாடசாலைப் பிள்ளைக்கும் கனிஷ்ட கல்லூரிப் பிள்ளைக்கும் இடம் குறைகிறது.

மறுபுறம் சிறு ஆறுதலும் உண்டு. கனிஷ்ட கல்லூரியில் ஆடிய வருடத்தைக் கணக்கில் சேர்ப்பது நியாயமல்ல என்று டியகோ பவியா என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் வழக்குத் தொடர்ந்தார். 2024 டிசம்பரில் டென்னஸியில் உள்ள சமஷ்டி நீதிமன்றம் அவர் பக்கம் இடைக்காலக் கட்டளை வழங்கியது. உடனே சங்கம், அவரைப் போன்ற நிலையிலிருந்த கனிஷ்ட கல்லூரி வழிவந்தோர் 2025–26 பருவத்தில் ஆட விலக்களித்தது. ஒரு பருவத்துக்கான விலக்குத்தான். நிரந்தர உரிமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நமது சகோதரி ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. பில்கீஸ் அப்துல் காதர். கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தவர். பாடசாலைக் காலத்தில் 3,070 புள்ளிகள் எடுத்தார். மஸசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண், பெண் எவரும் அதுவரை எடுக்காத தொகை. மெம்பிஸ் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் பருவம் தொடங்குமுன்னே முழங்காலில் காயம். ஒரு வருடம் ஆட்டமில்லை. பின்னர் ஹிஜாபோடு, கையும் காலும் மறைத்து ஆடினார். முதற்தரப் பல்கலைக்கழக ஆட்டத்தில் அப்படி ஆடிய முதலாமவர் அவரே. 2013 இல் மெம்பிஸில் பட்டம் முடித்தபோது காயத்தால் மிஞ்சிய ஒரு பருவம் கையிலிருந்தது. அன்றைய விதிப்படி மாறுபவர் ஒரு வருடம் உட்கார வேண்டும். ஆனால் பட்டம் முடித்தவருக்கு அந்தத் தடையில்லை. அவர் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்து, அப்பருவமே ஆடினார். பட்டத்தை உரிய காலத்தில் முடித்தது அவருக்குத் திறப்பாக அமைந்தது.

அதன்பின் வெளிநாட்டில் தொழில்முறையில் ஆட நினைத்தபோது சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் தலையை மறைத்து ஆட விடவில்லை. அவரும் இன்னும் பல சகோதரிகளும் குரல் கொடுத்தனர். 2017 மே மாதம் அத்தடை நீக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ். அவர் ஆட நினைத்த அந்த வருடங்கள் மட்டும் போனவை போனவைதான்.

இப்போது முன் ஹோலுக்குத் திரும்புவோம். பயிற்றுவிப்பாளர் இன்னும் அமர்ந்திருக்கிறார். அவர் வாயால் தரும் வாக்கு இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்திட்ட நிதியுதவி உடன்படிக்கையே கட்டுப்படுத்தும். முன்னர் தேசிய விருப்பக் கடிதம் என்று ஒரு பத்திரம் இருந்தது. 2024 ஒக்டோபரில் அதையும் ஒழித்துவிட்டார்கள். இந்த உடன்படிக்கை எத்தனை வருடத்துக்கு? பிள்ளை காயப்பட்டால் என்னவாகும்? பயிற்றுவிப்பாளர் வேறிடம் போய்விட்டால்? பிள்ளை விரும்பிய பட்டத்தில் இங்கே படித்த எத்தனை அலகு எண்ணப்படும்? தாய் இவற்றைக் கேட்க வெட்கப்படக் கூடாது. வீடு தேடிவந்த விருந்தாளி மனம் கோணுவாரே என்று நம் பெண்கள் பல இடங்களில் வாய்மூடிவிடுகிறார்கள். தேநீர் கொடுங்கள், கண்ணியமாகப் பேசுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்டே விடுங்கள்.

கெவின் ரொஸ் 1989 இல் வழக்குத் தொடர்ந்தார். 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது கவனிக்கத்தக்கது. கற்பித்தது தரமாயில்லை என்று பொதுவாகக் குறைகூறி ஒரு பல்கலைக்கழகத்தை வழக்கில் இழுக்க முடியாது. ஆனால் இன்ன உதவி தருவோம் என்று குறிப்பாக வாக்களித்து அதைத் தராமல் விட்டிருந்தால், அதை உடன்படிக்கை மீறலாக விசாரிக்கலாம். பல்கலைக்கழகம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 30,000 டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

கடைசியாக ஒன்று. அலகுகளை மதிப்பிட்டு ஏற்பதோ மறுப்பதோ பயிற்றுவிப்பாளரின் வேலையல்ல. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகமும் பட்டம் வழங்கும் பீடமும் செய்வது. ஆகவே தாய் அவரிடம் அந்த அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கலாம். மறுநாள் காலை, பிள்ளையின் பெறுபேற்றுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, அவரே நேரில் பேசலாம்.